அதிக முறை குணமான குழந்தை

அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது மணிச்சத்தம்தான். அழுகைச் சத்தம் கேட்காது. அழுகிற பிள்ளைகளை வைக்க உள்ளே தனி அறை ஒன்று இருந்தது. அதன் கதவு நல்ல கனமான கதவு. வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள்: "அழுதுகொண்டு வாருங்கள், சிரித்துக்கொண்டு செல்லுங்கள்." வருகிறவர்கள் முதல் பாதியை யாரும் சொல்லாமலே செய்துவிடுவார்கள். இரண்டாவது பாதியைச் செய்ய வைக்கத்தான் அங்கே அத்தனை பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே முதல்முறை போனது ஒரு காலை வேளையில். கண்டக்டர் என்றதும் மீசையைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவள் நகரப் பேருந்தில் வேலை பார்க்கும் பெண். தெருவிலும் கடையிலும் அவளுக்கு அதுதான் பெயர். புருஷன்கூடக் கோபம் இல்லாத வேளையில் அப்படித்தான் கூப்பிடுவான். பின்படிக்கட்டில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல மைதானம் மாதிரி காலியாக் கெடக்கு" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் டிரைவர் பக்கத்தில் நிற்கிறவரும் ஓரடி நகர்வார். மகளுக்கு எட்டு வயது. உடம்பு ஒல்லி, மூக்கு கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. குண்டூசி என்று பெயர் விழுந்துவிட்டது.

குண்டூசிக்குச் சில வாரங்களாகத் தலைவலி. அதுவும் விடிகிற நேரத்தில். தூக்கத்திலிருந்தே அலறிக்கொண்டு எழுந்திருப்பாள். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வயிற்றில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பீய்ச்சி அடிப்பதுபோல வாந்தி எடுப்பாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, வெயில் ஏறும்போது ஒன்றுமே நடக்காதது மாதிரி விளையாடப் போய்விடுவாள். போகிறபோது நிலைப்படியில் ஒரு இடி இடித்துக்கொள்வாள். நடையிலும் ஒரு தள்ளாட்டம் வந்திருந்தது.

இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் கண்டக்டர் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சீட்டு எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார்.

"என்ன புகார்?"

"தலைவலிங்க. காலைல எழுந்திரிக்கறப்பவே வலி. கூடவே வாந்தி. நடக்கறப்பவும் ஒரு மாதிரி தள்ளாடறா..."

"ஒண்ணு சொல்லுங்க."

"ஒண்ணுன்னா?"

"தலைவலின்னா வலது பக்கக் கதவு. வாந்தின்னா இடது பக்கக் கதவு. தள்ளாடறான்னா மாடிக்குப் போகணும், எலும்புப் பிரிவு."

"மூணும் ஒரே பிள்ளைக்குத்தாங்க."

"பிள்ளை ஒண்ணுதாம்மா. கதவு மூணு. எதுல போறீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்கிற ஆளாக இருந்திருந்தால் அவரிடம் கொஞ்சம் மூளையும் இருந்திருக்கும். கண்டக்டர் தன் பிள்ளையின் உடம்பை மனதுக்குள் மூன்றாகப் பிரித்துப் பார்த்து, தலைதானே பெரிது என்று வலது பக்கக் கதவைச் சொன்னாள்.

உள்ளே நாற்காலிகள் வரிசையாக இருந்தன. காத்திருந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாக ஏறி, சுவரைத் தாண்டி, தரைக்கு வந்தது. குண்டூசிக்கு வலி இறங்கிவிட்டது. பக்கத்து நாற்காலிப் பையனோடு விரல் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது டாக்டர் இல்லை. மஞ்சள் கோட்டு போட்ட ஒரு பெண். மார்பில் 'புன்னகை அலுவலர்' என்று எழுதியிருந்தது. கையில் ஒரு அட்டை. அதில் வரிசையாக ஆறு முகங்கள். ஒரு ஓரத்தில் பல் தெரியச் சிரிக்கும் முகம், மறு ஓரத்தில் கண்ணீர் கொட்டும் முகம், நடுவில் வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டே போகும் மற்றவை.

"பாப்பா, இப்ப உனக்கு எந்த மூஞ்சி?"

"இப்ப இல்லீங்க, காலைல..." என்று கண்டக்டர் ஆரம்பித்தாள்.

"அம்மா, நீங்க பேசக்கூடாது." அலுவலர் புன்னகை மாறாமலே சொன்னாள். "பெத்தவங்க வலியைக் கூட்டிச் சொல்லுவாங்கன்னு எங்களுக்குப் பயிற்சியிலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. குழந்தையோட வலிக்குக் குழந்தைதான் சாட்சி."

குண்டூசி முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வலி இல்லைதான். ஆனாலும் இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, சிரிப்புக்கு அடுத்த முகத்தைத் தொட்டாள். ஒரு மூடி மருந்து கொடுத்தார்கள். மறுபடி அட்டையை நீட்டினார்கள். சிரிக்கும் முகத்தைத் தொட்டாள். உடனே சுவரில் தொங்கிய மணியின் கயிற்றை அவள் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு போட்டோ.

மணி அடித்து முடித்த பிறகு டாக்டரைப் பார்த்தார்கள். சின்ன வயதுக்காரர். கழுத்தில் குழாய், கண்ணுக்குக் கீழே கருவளையம். கண்டக்டர் மூச்சு விடாமல் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "காலைல மட்டும்தான் வலிக்குதா? தூக்கத்துலேர்ந்து எழுப்பிடுதா?" என்று கேட்டார்.

"டாக்டர்," என்றாள் பின்னால் நின்ற அலுவலர். "அந்தக் கேள்வி அட்டையில இல்ல. பாப்பா ஏற்கெனவே மணி அடிச்சாச்சு. குணமான குழந்தையைக் கேள்வி கேட்டா கணக்கு இடிக்கும்."

சின்ன டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். நிறையத் தண்ணீர் குடிக்கவும், போன் பார்ப்பதைக் குறைக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். குண்டூசி வீட்டில் போன் என்பது அப்பா கையில் வேலைக்குப் போய்விட்டு அப்பாவோடு திரும்பி வருகிற ஒரு பொருள்.

அடுத்த தடவை கண்டக்டர் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டாள், அல்லது அப்படி நினைத்தாள். வலி இருக்கும்போதே காட்ட வேண்டும் என்று, விடிந்தும் விடியாமலும் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆட்டோவிலேயே குண்டூசி வாந்தி எடுத்தாள். சீட்டு எழுத ஆரம்பித்ததும் முதல் ஆள் இவர்கள்தான். அட்டை வந்தது. குண்டூசி கண்ணைத் திறக்கவே முடியாமல், விரலை நீட்டிக் கண்ணீர் முகத்தைத் தொட்டாள்.

அலுவலரின் முகம் மாறியதைக் கண்டக்டர் பார்த்தாள். பரிதாபம் என்றுதான் முதலில் எண்ணினாள். பிறகுதான் புரிந்தது, அது எரிச்சல். பிள்ளையை வாங்கிக் கனமான கதவுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். அம்மாவை விடவில்லை.

"முகம் மாறினதும் அனுப்பிடுவோம்மா. அழுத முகத்தோட யாரையும் வெளிய விடறது இல்ல. எங்க கொள்கை."

"டாக்டர் வந்து பார்ப்பாரா?"

"முகம் மாறினதும் பார்ப்பார்."

"முகம் மாறினப்புறம் எதுக்குங்க டாக்டர்?"

அலுவலர் இந்தக் கேள்விக்கும் புன்னகைத்தாள். கதவு சாத்திக்கொண்டது. கண்டக்டர் கதவில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமே கேட்கவில்லை. பெற்ற பிள்ளை அந்தப் பக்கம் தலையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறது, இந்தப் பக்கம் ஒரு சின்ன முனகல்கூட வராதபடி ஒருவன் உட்கார்ந்து யோசித்து, கதவு செய்து, மாட்டியிருக்கிறான். அந்தக் கதவை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. உதைக்கவில்லை. உதைத்திருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறிய பிறகு மணிச்சத்தம் கேட்டது. குண்டூசி வெளியே வந்தாள். மறுபடி ஒரு போட்டோ. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவின் காதுக்கு அருகில் வந்து சொன்னாள்:

"அம்மா, அழுவுற மூஞ்சியத் தொட்டா உள்ள போட்டுடுவாங்க. உன்னைய விடமாட்டாங்க. சிரிக்கிறதத் தொட்டா மணி அடிச்சு அனுப்பிடறாங்க. நான் இனிமே அதையே தொட்டுடறேன்."

"வலிச்சாலுமா?"

"ம். வீட்டுக்கு வந்து வலிச்சுக்கறேன்."

கண்டக்டர் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஆனாலும் என்ன செய்ய? ஊரில் குழந்தைகளுக்கென்று இருந்த பெரிய ஆஸ்பத்திரி அதுதான். புருஷனிடம் சொன்னாள். அவன் கிடங்கில் மூட்டை ஏற்றுகிற மேஸ்திரி. பெரிய கட்டடம், பளபளக்கும் தரை, வெள்ளைக் கோட்டு என்றால் அவனுக்குத் தானாகக் குரல் இறங்கிவிடும். "அவ்ளோ படிச்சவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடும்? நீ சும்மா இரு" என்றான்.

அவள் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்பப் போனாள். ஒரு தடவை வாந்திக் கதவில் போய்ப் பார்த்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, வயிறு நன்றாக இருக்கிறது, தலைவலி இருந்தால் வலது பக்கக் கதவு என்றார்கள். மாடியில் எலும்பு நன்றாக இருந்தது. வலது பக்கக் கதவில் குண்டூசி போன உடனே சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிட்டு, யாரும் சொல்லாமலே மணிக்கயிற்றைப் பிடிக்கப் பழகிவிட்டாள். ஒருமுறை கயிறு கைக்குச் சிக்காமல் காற்றைப் பிடித்து இழுத்தாள். குறும்பு என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் கண்டக்டர் பொறுக்க முடியாமல் ஒரு நாள் சத்தம் போட்டுவிட்டாள். அதற்கு ஆஸ்பத்திரி காட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளைக்கு இத்தனை நாள் வராத பெரிய மனிதர்கள் அம்மாவின் சத்தத்துக்கு உடனே வந்துவிட்டார்கள். 'பெற்றோர் ஆலோசகர்' என்று ஒருவரின் அறைக்கு அவளைக் கொண்டுபோனார்கள். அவர் மேசையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்.

"இது சத்தத்தை அளக்கற கருவி. நீங்க சாதாரணமாப் பேசுங்க."

"என்னங்க பேச? என் பொண்ணுக்குத் தலை வலிக்குது!"

பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஆலோசகர் துள்ளிக் குதிக்காத குறை. "பாருங்க! பாருங்க! வீட்டுல இந்தக் குரல் இருந்தா எந்தக் குழந்தைக்குத்தான் தலை வலிக்காது? நோய் குழந்தைகிட்ட இல்லம்மா. உங்க தொண்டையில இருக்கு."

நீங்களோ நானோ என்றால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்போம். ஆனால் பிள்ளைக்கு உடம்பு முடியாத தாயிடம், 'நீதான் காரணம்' என்று சொல்லிப் பாருங்கள், நம்பிவிடுவாள். கண்டக்டர் நம்பினாள். அன்றிலிருந்து வீட்டில் கிசுகிசுத்தாள். சாப்பிட வா என்பதை ஜாடையில் சொன்னாள். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று பஸ்ஸிலும் மெதுவாகவே பேசினாள், விசிலையும் மெதுவாகவே ஊதினாள். இறங்க வேண்டிய இடம் யாருக்கும் காதில் விழவில்லை. மார்க்கெட்டில் இறங்க வேண்டிய கிழவர் டெப்போ வரைக்கும் வந்து சண்டை போட்டார். டிரைவர் விசிலுக்காகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் அந்த வீடு சத்தமே இல்லாமல் இருந்தது. விடிகிற நேரத்தில் குண்டூசி அலறுகிற சத்தம் மட்டும்தான்.

அந்த வாரக் கடைசியில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெரிய டாக்டரே பேசினார். அந்தப் பிரிவின் தலைவர்.

"வாழ்த்துகள்மா! உங்க பொண்ணு எங்க துறையோட பெருமை. ஒரே குழந்தை இத்தனை முறை குணமானது எங்க வரலாற்றுலயே இதுதான் முதல். எங்களுக்கு விருது குடுக்கலாமான்னு பாக்க தர நிர்ணயக் குழு வருது. மேடையில பாப்பாவுக்குக் கோப்பை குடுக்கறோம். காலைல சீக்கிரம் வந்துடுங்க."

குணமான பிள்ளை எதற்குத் திரும்பத் திரும்ப வந்து குணமாகிறது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கணக்கில் அதற்கு இடமில்லை. வந்தவர் எத்தனை, சிரித்துப் போனவர் எத்தனை, அவ்வளவுதான் கணக்கு. குண்டூசி மாதிரி நான்கு பிள்ளைகள் கிடைத்தால் ஊருக்கே தலைவலி வரவேண்டிய அவசியமில்லை, விருதை வாங்கிவிடலாம்.

புருஷன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டான். கண்டக்டருக்கு மேடையும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். பெரிய டாக்டரை நேருக்கு நேர் பார்க்கலாம், அவர் காதில் ஒருமுறை முழுசாகப் போட்டுவிடலாம், அவர் ஒருவராவது பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்த்துவிடுவார். அந்த ஒரே ஆசையில்தான் போனாள்.

மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்துவிட்டாள். வழியை மறித்து நின்று, கிசுகிசுப்பான குரலிலேயே ஆரம்பித்தாள். "ஐயா, இவளுக்கு இன்னைக்குக் காலைலகூட..."

"அம்மா," என்று அவள் தோளில் கை வைத்தார் பெரிய டாக்டர். "இன்னைக்குப் புகார் வேண்டாமே. இன்னைக்கு நன்றி மட்டும். மைக்குல ரெண்டு வார்த்தை, போதும்."

குண்டூசியை மேடையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புது கவுன். முகம் வெளுத்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். முன்வரிசையில் குழு. ஓரமாக ஒரு மேசையில், துறையின் நவீனக் கருவிகள் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பாதிக்கு மேல் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. அம்மாவை அளந்த பெட்டியும் அதில் இருந்தது. பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! சில ஆஸ்பத்திரிகள்ல என்ன பண்றாங்க தெரியுமா? தலைவலின்னு ஒரு குழந்தை வந்தா, எப்ப வலிக்குது, எங்க வலிக்குது, வாந்தி உண்டா, கண்ணு ரெண்டாத் தெரியுதான்னு துருவித் துருவிக் கேக்கறாங்க. நேர்கோட்டுல நடக்கவிட்டுப் பாக்கறாங்க. கண்ணுக்குள்ள விளக்கடிச்சுப் பாக்கறாங்க. பாவம், பிஞ்சுக் குழந்தைங்க! இதெல்லாம் கொடுமை இல்லையா? எங்க துறையில நான் இதையெல்லாம் நிறுத்தினேன். நாங்க கேக்கறது ஒரே கேள்வி. எந்த மூஞ்சி? அவ்வளவுதான். தேடினாத்தானே நோய் கிடைக்கும்? நாங்க தேடறது இல்ல. அதனால எங்ககிட்ட நோய் இல்ல!"

பலத்த கைதட்டல். குழுவில் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டார். கண்டக்டர் கை தட்டவில்லை. 'கண்ணு ரெண்டாத் தெரியுதா' என்ற வார்த்தை அவள் காதிலேயே நின்றுவிட்டது.

கோப்பையை நீட்டினார்கள். குண்டூசி எழுந்து, கையை நீட்டி, கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தாள். கூட்டம் சிரித்தது. "வெக்கப்படுது பாப்பா!" என்றார் பெரிய டாக்டர். மறுபடி நீட்டினாள். மறுபடியும் காற்று.

கண்டக்டர் மேடையில் ஏறிவிட்டாள். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

"குண்டூசி, என்னையப் பாரு. எத்தனை கப்பு தெரியுது?"

குண்டூசி பெரிய டாக்டரை ஒரு தடவை பார்த்தாள். மஞ்சள் கோட்டைப் பார்த்தாள். பிறகு ரகசியமாக, "ரெண்டும்மா" என்றாள்.

"ஆசையைப் பாருங்க, ரெண்டு வேணுமாம்!" என்றார் பெரிய டாக்டர் மைக்கில்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் குண்டூசி வாந்தி எடுத்தாள். கோப்பை மேல், பெரிய டாக்டரின் கால்சட்டை மேல், விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தின் மேல். எடுத்துவிட்டு அப்படியே சரிந்தாள். புன்னகை அலுவலர் ஓடி வந்தாள். நம்ப மாட்டீர்கள், கையில் அட்டையோடுதான் ஓடி வந்தாள். "பாப்பா, இப்ப எந்த மூஞ்சி?" என்றாள்.

"இடது பக்கம்! வாந்தி இடது பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள்.

அப்போதுதான் ஒரு வாரமாகத் தொண்டைக்குள் கிடந்த குரல் வெளியே வந்தது. மைக் இல்லாமலே அந்த மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது.

"டேய்! இந்தக் கூட்டத்துல டாக்டர்னு ஒருத்தன் இருக்கானா இல்லையா?"

ஓரத்தில் சுவரோடு சுவராக நின்றிருந்த சின்ன டாக்டரின் கோட்டுக் கையை அவள் பிடித்து இழுத்தாள். "நீ டாக்டர்தானே? படிச்சிருக்கேல்ல? இப்ப அவரு என்னமோ சொன்னாரே, விளக்கடிச்சுப் பாக்கறதுன்னு. அதைப் பண்ணு. இப்பப் பண்ணு."

அவர் பெரிய டாக்டரை ஒருமுறை பார்த்தார். ஆனாலும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கண்ணுக்குள் பார்க்கிற கருவியின் உறையைப் பல்லால் கிழித்தார். அதில் பேட்டரி இல்லை. ஒருநாளும் போட்டதே இல்லை. பக்கத்திலிருந்த சத்தம் அளக்கும் பெட்டியைப் பிரித்து, அதிலிருந்த பேட்டரியை எடுத்துப் போட்டார். மேடை விளக்கை அணைக்கச் சொன்னார். "போட்டோ எடுக்கணும், விளக்கை அணைக்காதீங்க" என்றார் பெரிய டாக்டர். புருஷன் போய் அணைத்தான். வெள்ளைக் கோட்டைக் கண்டால் குரல் இறங்குகிற அதே மனுஷன் பெரிய டாக்டரைத் தோளால் தள்ளிவிட்டுப் போய் அணைத்தான்.

சின்ன டாக்டர் இரண்டு கண்ணையும் பார்த்தார். நிமிர்ந்து கண்டக்டரிடம் சொன்னார்.

"கண்ணுக்குப் பின்னால நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள அழுத்தம் இருக்கு. உடனே ஸ்கேன்... உடனே எடுக்கணும்." பிறகு, யாரும் கேட்காமலே, "முதல் நாளே பாக்கணும்னு நெனச்சேன்மா" என்றார்.

"நெனச்சியே, ராசா," என்றாள் கண்டக்டர். வேறு ஒன்றும் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

பின்மூளையில் கட்டி. மூளையைச் சுற்றி ஓடுகிற நீருக்கு அது வழியை அடைத்துவிட்டதாம். படுத்துக் கிடக்கும்போது அழுத்தம் ஏறும், எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்ததும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் காலை வலி, அதனால்தான் வெயில் ஏறியதும் விளையாட்டு. எந்த வலி அந்தப் பிள்ளையைக் கொன்றுகொண்டிருந்ததோ, அதே வலிக்குத்தான் அந்தத் துறை நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் நீண்ட நேரம் நடந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட சாதிக் கட்டி இல்லை, உயிருக்குப் பயமில்லை என்று மூளை ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"இடது கண்ணுதாம்மா... அழுத்தம் ரொம்ப நாளா இருந்திருக்கு. அந்த நரம்பு போயிடுச்சு. பார்வை திரும்பாது. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா காப்பாத்தியிருக்கலாம்."

"வந்தோம்," என்றாள் கண்டக்டர். "வந்துக்கிட்டேதாங்க இருந்தோம்."

புருஷன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

சில நாள் கழித்துப் பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தார். புதுக் கால்சட்டை. பின்னால் புன்னகை அலுவலர், ஆலோசகர், கேமராவோடு ஒரு ஆள். கட்டிலுக்கு அருகில் நின்று கண்டக்டரிடம் மிகவும் கனிவாகப் பேசினார்.

"நடந்தது வருத்தம்தான்மா. ஆனா ஒண்ணு நீங்க யோசிக்கணும். உங்க பொண்ணு எங்க துறையிலேர்ந்து ஒரு தடவைகூட அழுதுட்டு வெளிய போகல. கட்டி கண்டுபிடிச்சது மேடையில. மேடை எங்க துறையில சேராது. அதனால எங்க கணக்குல ஒரு குறையும் இல்லைன்னு குழுவே சொல்லிடுச்சு. விருதும் வந்துடுச்சு. பாப்பா நல்லா இருக்கான்னு ஒரு சின்ன வீடியோ எடுத்துட்டா, உங்களுக்கும் மனசு ஆறும்."

கண்டக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார், பிள்ளைகளைக் கொஞ்சுவார், நன்றாகத் தூங்கியும்விடுவார் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கேமராவில் சின்ன விளக்கு எரிந்தது. பெரிய டாக்டர் குனிந்தார். "கண்ணு, வலிக்குதா?"

குண்டூசியின் தலை முழுக்கக் கட்டு. அதற்கு முந்தின ராத்திரி முழுக்க அவள் அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். கேள்வி முடிவதற்கு முன்பே வாயை இழுத்துப் பல் தெரியச் சிரித்தாள்.

"இல்ல. வலிக்கவே இல்ல. நல்லா ஆயிட்டேன். வீட்டுக்குப் போகலாமா?"

"பாத்தீங்களா!" என்றார் பெரிய டாக்டர்.

கண்டக்டர் பார்த்தாள். பார்வை போன கண்ணைவிட அந்தச் சிரிப்புதான் அவளை அறுத்தது. கட்டியை டாக்டரம்மா எடுத்துவிட்டார். இதை யார் எடுப்பது? எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்து, அதற்குக் கை தட்டி, மணி அடித்து, போட்டோவும் எடுத்திருக்கிறார்கள். நாளைக்கு மறுபடி ஏதாவது வந்தாலும் இந்தப் பிள்ளை வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் இப்படித்தான் சிரிக்கும். சிரித்துக்கொண்டே செத்தும் போகும்.

அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அம்மாவப் பாரு. வலிக்குதா இல்லையா?"

"...சொன்னா உள்ள போட்டுடுவாங்கம்மா."

"போடமாட்டாங்க."

"உன்னைய விடமாட்டாங்க."

"எவன் விடமாட்டான்னு பாக்கறேன். நான் இங்கயேதான்டி இருக்கேன். எங்க வலிக்குது?"

குண்டூசி அம்மாவின் முகத்தை ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். உதடு கோணியது. "தலையில" என்றாள் மெதுவாக. "பின்னாடி. ரொம்ப."

"சத்தமாச் சொல்லு. எனக்குக் கேக்கல."

"வலிக்குதும்மா!"

"இன்னும்."

"வலிக்குது! வலிக்குது!" என்று கத்தினாள் குண்டூசி. இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பக்கத்துக் கட்டிலில் கையில் கட்டோடு கிடந்த பையன் அதுவரை சுவரைப் பார்த்தபடி இருந்தவன், அவனும் அழ ஆரம்பித்தான். அதற்கடுத்த கட்டில், அதற்கும் அடுத்த கட்டில் என்று வார்டு முழுக்க அழுகை. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி குண்டூசியின் கையைப் பிடித்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு ஊசியை எடுத்தாள்.

"நிறுத்து, கேமராவ நிறுத்து!" என்றார் பெரிய டாக்டர். "கதவச் சாத்துங்க முதல்ல! வெளிய கேக்குது!"

புன்னகை அலுவலர் ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு பாதியில் நின்றுவிட்டது. கண்டக்டர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து கதவிடுக்கில் காலை வைத்திருந்தாள்.

"காலை எடுங்கம்மா."

"எடுக்க மாட்டேன்," என்றாள் கண்டக்டர். பிறகு தோளுக்கு மேல் திரும்பி, "நீ அழு கண்ணு. வெளிய இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள்.